பவரைக் கூட்டுவதற்கு முன்னால்

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். வாசலை ஒட்டிச் சாக்லேட் டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒரு சுழலும் ஸ்டாண்டு. அதில் முப்பது நாற்பது கண்ணாடிகள் தொங்கின. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒவ்வொன்றாக எடுத்து மாட்டி, கையில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைப் போட்டாலும் "நல்லாத் தெரியுதுங்க" என்றார். கடைசியில் எழுத்து எதில் மிகப் பெரிதாகத் தெரிந்ததோ அதைத் தேர்ந்தெடுத்தார். அது மூன்று பவர்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அது உங்களுக்கு ரொம்ப ஜாஸ்திங்க. அதுக்குக் கீழ ஒண்ணு எடுத்து மாட்டுங்க. வீட்டுல எவ்வளவு தூரத்துல பேப்பர் பிடிப்பீங்களோ அந்தத் தூரத்துல அட்டையப் பிடிங்க" என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இரண்டில் வந்து நின்றார். அதில் கழுத்தை வளைக்காமல் படித்தார்.

கடையில் இருந்த பெண், "நீங்க டாக்டருங்களா?" என்று கேட்டாள். இல்லை, கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் என்றேன். "அப்படீன்னா எதைப் பார்த்து எடுக்கோணும்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. அந்த ஸ்டாண்டுலயே ஒட்டி வெச்சுக்கறேன்" என்றாள்.

அன்று மாலை எழுத உட்கார்ந்தேன். பத்து வரியில் முடிந்திருக்க வேண்டிய வேலை. எழுத எழுத, பல வருடத்துக்கு முன் எங்கள் கடைக்கு வந்த மருதாயி அக்கா நினைவில் வந்து நின்றுகொண்டார். பத்து வரியைத் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மிச்சம் இது.

என் பெயர் மேரி. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை கிடைத்ததால் திருப்பூருக்கு வந்தோம். நானும் எல்லோரையும் போலப் பனியன் கம்பெனிக்குத்தான் வேலை கேட்டுப் போனேன். பஞ்சுத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றே வாரத்தில் இளைப்பு வந்துவிட்டது. மங்கலம் சாலையில் இருந்த ஒரு கண்ணாடிக் கடையில் ஆள் தேவை என்று பலகை தொங்கியது. உள்ளே போனேன்.

கடைக்காரர் பெயர் சென்னியப்பன். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். "நான் மளிகைக் கடையா வெச்சிருக்கறேன்?" என்று கேட்டார். சிரிக்கவில்லை. அன்றிலிருந்து "சார்" ஆகிவிட்டார். ஒல்லியான மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, அதன் பையில் எப்போதும் தையல்காரர்கள் வைத்திருக்கிற இஞ்ச் டேப். கண்ணாடிக் கடைக்காரருக்கு இஞ்ச் டேப் எதற்கு என்று முதல் வாரம் எனக்குப் புரியவில்லை.

ஒரு வருடம் துடைப்பதும் அடுக்குவதும் பில் போடுவதும்தான் என் வேலை. அதற்குள் காதால் கேட்டே பாதி கற்றுக்கொண்டேன். மருத்துவரின் சீட்டோடு வருகிறவர்களுக்கு லென்ஸ் வெட்டிப் போட்டுத் தருவோம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நாற்பது தாண்டி, தூரமெல்லாம் நன்றாகத் தெரிந்து, கிட்டத்தில் மட்டும் எழுத்து மங்குகிறது என்று வருகிறவர்கள். வெள்ளெழுத்து என்று சொல்வோமே, அது. அவர்களில் பலருக்கு ரெடிமேட் கண்ணாடியே போதும். அந்தக் கண்ணாடிகள் இருந்த டிராயரை என்னிடம் ஒப்படைத்தபோது சார் சொன்னது ஒன்றுதான்: "ஆருகிட்டயும் 'தெரியுதுங்களா'ன்னு மட்டும் கேக்காத."

ஏன் என்று கேட்டேன்.

"நம்மூருக்காரங்க மரியாதைப்பட்டவங்க. நீ கேட்டா, தெரியுதுங்கன்னுதான் சொல்லுவாங்க."

அவர் கேட்கிற முறை வேறு. முதலில், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்பார். தையல்காரர் என்றால் நாற்காலியில் உட்காரவைத்து, மெஷினில் கை வைப்பதுபோல் கையை வைக்கச் சொல்வார். பிறகு அந்த இஞ்ச் டேப்பை எடுத்துக் கண்ணிலிருந்து கை வரை அளப்பார். பேப்பர் படிக்கிறவருக்குப் பதினான்கு பதினைந்து இஞ்ச். நின்றுகொண்டு மேசையில் துணி வெட்டுகிறவருக்கு இருபது, இருபத்திரண்டு. ஒரே வயதுக்காரர்கள் இரண்டு பேருக்கு வேலையைப் பொறுத்துப் பவர் மாறும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

அளந்த பிறகு ஒன்றில் ஆரம்பிப்பார். அடுத்தது ஒன்றேகால். அப்புறம் ஒன்றரை. கால் கால் பவராக ஏறுவார். வேலை செய்கிற தூரத்தில் சிரமமில்லாமல் பார்க்க முடிகிற முதல் பவரில் நிறுத்திவிடுவார். அதற்கு மேலே போட்டால் எழுத்து பெரிதாகத் தெரியும். வந்தவருக்குச் சந்தோஷமாகவும் இருக்கும். ஆனால் பொருளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தால்தான் தெளிவாக இருக்கும். இரண்டே நாளில் கழுத்து வலியோடு திரும்பி வருவார்கள். கண்ணாடியை எடுத்துக் கொடுக்கும் முன், அதை ஜன்னல் கம்பிக்கு நேராகப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்ப்பார். கம்பி நெளிந்தால் லென்ஸ் சரியில்லை என்று ஒதுக்கிவிடுவார். ஒரு கண்ணை மூடி மறு கண், மறு கண்ணை மூடி இந்தக் கண். இரண்டும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் ரெடிமேட் கிடையாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இத்தனையும் செய்ய ஒரு ஆளுக்குக் கால் மணி நேரம் ஆகும். நான் ஐந்து நிமிடத்தில் முடிக்கப் பழகிக்கொண்டேன். வேகமாகச் செய்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். ஊரெல்லாம் எக்ஸ்போர்ட் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்த நேரம். ஒரு மத்தியானம் மருதாயி அக்கா வந்தார். நாற்பத்தைந்து வயது. தாராபுரம் பக்கத்துக் கிராமம். கணவர் மங்கலத்தில் விசைத்தறி ஓட்டினார். ஒரே மகள் பிளஸ் டூ படித்தாள். அக்கா ஒரு கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். தைத்து வந்த பனியனை டியூப் லைட்டுக்குக் கீழே மேசையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, பின்னல் ஊசி பழுதாகித் துணியில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. குறை இருந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பன்னிரண்டு வருடம் அதைத்தான் செய்திருந்தார்.

"பஸ் ஸ்டேண்டுல ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டனுங்க. போட்டா தலை கிறுகிறுங்குது" என்று கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இரண்டரை பவர். அவர் நின்று வேலை செய்கிற தூரத்துக்கு அது ஒத்தே வராது.

நாங்கள் படிக்கக் கொடுக்கிற அட்டையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க அம்மிணி" என்றார் மெல்ல. நான் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் அவரே சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் பாக்ஸைச் சுற்றியிருந்த பனியன் வெட்டுத் துணியை உருவினார். "இதுல ஒரு ஊசிக்கோடு ஓடுதாமுங்க. ராத்திரி எம்புள்ள பார்த்துச் சொன்னா. நான் எத்தனை தடவை பார்த்தும் எனக்குத் தெரியில. இதை வெச்சுப் பாருங்க."

அந்தத் துணியை மேசையில் விரித்தேன். அவரை நிற்கவைத்து அளந்தேன். இருபத்தொரு இஞ்ச். ஒன்றில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. ஒன்றேகாலைப் போட்டதும் அவருடைய விரல் துணியின் மேல் நகர்ந்து ஓர் இடத்தில் நின்றது. அங்கிருந்து நேராகக் கீழே இறங்கியது. தலைமுடியைவிட மெல்லிய கோடு. நான் சொல்லவே இல்லை. அவரே கண்டுபிடித்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"எங்க இன்சார்ஜ் சார் சொல்லிப்போட்டாருங்க. இன்னொருக்கா ஓட்டை பீஸ் வெளிய போச்சுன்னா செக்கிங்ல நிக்க வேண்டாம், ஊட்டுக்குப் போயிருங்கன்னு. அதுவும் போக, நான் அடிக்கடி பாத்ரூம் போறனாம், அதுக்கும் சத்தம் போடறாருங்க. இனிமேல் பாருங்க அம்மிணி, ஒரு பீஸ் தப்பாது."

"பாத்ரூம் போறதுக்கெல்லாமா திட்டுவாங்க?" என்று நானும் அவரோடு சேர்ந்து அந்த இன்சார்ஜைக் குறை சொன்னேன். அவ்வளவுதான் என் காதில் விழுந்தது.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். "காத்தால நல்லாத்தான் இருக்குதுங்க. சோறு தின்னுட்டு வந்து நின்னா மங்கிப்போகுது. சில நாளைக்கு முழுக்கவே தெரியறதில்லீங்க."

கடையில் அன்று கூட்டம். சார் ஒரு லென்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒன்றேமுக்காலை எடுத்து மாட்டினேன். "இப்பத் தெரியுதாக்கா?" என்று கேட்டேன்.

கேட்கக் கூடாத அந்தக் கேள்வியைத்தான் கேட்டேன்.

"தெரியுதுங்க" என்றார். மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டு நாளில் மறுபடி வந்து நின்றார். இந்தத் தடவை கண் கலங்கியிருந்தது. ஓட்டை விழுந்த இரண்டு பீஸ் அவர் மேசையைத் தாண்டிப் போய், வெளிநாட்டுக் கம்பெனிக்காக வந்த இன்ஸ்பெக்டர் கையில் சிக்கியிருந்தன. திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். என்ன சொல்லப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். நான் டிராயரைத் திறந்து இரண்டேகாலைத் தேடினேன்.

"மேரி, அந்த டிராயரை மூடு."

சார் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். குரலை உயர்த்தவில்லை. கோபம் வந்தால் அவர் பேச்சு இன்னும் மெதுவாகும். அக்காவை நாற்காலியில் உட்காரச் சொல்லி, எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெள்ளெழுத்துன்னா வருசக் கணக்குல மெதுவாத்தான் ஏறுமுங்க. ஒரு மாசத்துல மூணு தடவை பவர் மாறாது. காத்தால ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுன்னும் இருக்காது. தண்ணி தாகம் எப்படி இருக்குது உங்களுக்கு?"

அக்கா என்னைப் பார்த்தார்.  ஒரு மாதத்துக்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். நான்தான் அதைக் கேட்டும் இன்சார்ஜைக் குறை சொல்வதோடு விட்டிருக்கிறேன்.

"அவங்க அடிக்கடி பாத்ரூம் போறாங்க சார்" என்றேன். "முதல் தடவை வந்தப்பவே சொன்னாங்க."

சார் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் என்னால் விவரிக்க முடியாது.  அக்காவிடம் திரும்பி, "உங்க கண்ணுக்கு இப்ப வேணுங்கறது கண்ணாடி இல்லீங்க. ரத்தத்துல சர்க்கரை எவ்வளவு இருக்குதுன்னு பாக்கோணும். சர்க்கரை ஏறி எறங்கறப்ப பார்வையும் ஏறி எறங்கும். அது நிலைக்கு வராம நான் எத்தனை கண்ணாடி குடுத்தாலும் தப்பாத்தான் இருக்கும்" என்றார். பிறகு என்னிடம், "நீயே கூட்டிட்டுப் போ. இன்னிக்குத் திரும்பிக் கடைக்கு வர வேண்டாம்" என்றார்.

பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்தோம். சர்க்கரை மிக அதிகம் என்றார்கள். மறுநாள் கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, பாவை விரிவதற்காக வரிசையில் உட்காரவைத்தார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மாளுக்கும் இப்படித்தானுங்க ஆச்சு. கடைசி எட்டு வருசம் அவிங்களுக்கு எதுவும் தெரியாது. வயசாயிருச்சுன்னு உட்டுட்டோம். என்ற கண்ணு போயிருச்சுன்னா எம்புள்ளையை ஆரு படிக்க வெப்பாங்க?"

 என்னால் ஐந்து வாரம் வீணாகிவிட்டது என்பதை மட்டும் சொன்னேன். "நான் ஒழுங்காக் கேட்டிருந்தா அன்னைக்கே கூட்டிட்டு வந்திருப்பேன் அக்கா."

 அவர், "நீங்க இல்லீன்னா நான் பஸ் ஸ்டேண்டுலதானுங்க இன்னொரு கண்ணாடி வாங்கிட்டுச் சுத்திட்டு இருப்பன்" என்றார். மன்னித்துவிட்டார் என்று அதை எடுத்துக்கொண்டேன். மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மருத்துவர் இளம்பெண். வெகு நேரம் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணின் பின்புறம் ரத்தக் குழாய்களில் பாதிப்பு தொடங்கியிருக்கிறது, ஆனால் தொடக்கம்தான் என்றார். "இப்ப வந்தது நல்லதும்மா. சர்க்கரையைக் கட்டுக்குள்ள வெச்சா பார்வைக்கு ஆபத்தில்ல. மாத்திரை ஆரம்பிச்சதும் கொஞ்ச நாள் இன்னும் மங்கும். பயப்படாதீங்க, கண்ணாடியை மட்டும் மாத்தாதீங்க. ரெண்டு மாசம் பொறுங்க." அக்கா அதைத் தன் வாயால் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு மாதம் பொறுக்கலாம். திங்கட்கிழமை பொறுக்குமா?

சென்னியப்பன் சார் கடையை விட்டு வெளியே போய் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தத் திங்கட்கிழமை காலை சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். நானும் அக்காவும் அவரும் அந்தக் கம்பெனிக்குப் போனோம். செக்கிங் இன்சார்ஜ் ராஜேந்திரனுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். எந்நேரமும் அவசரத்தில் இருப்பவர். நின்றுகொண்டே பேசினார்.

"எனக்கு சிப்மெண்ட் இருக்குதுங்க. கண்ணு தெரியாதவங்களைச் செக்கிங்ல வெச்சு நான் என்ன பண்றது?"

"செக்கிங்ல வெக்கச் சொல்லி நான் கேக்கலீங்களே" என்றார் சார். "இவிங்க பன்னெண்டு வருசம் துணியைப் பார்த்தவங்க. துணியில அப்படியொரு பழக்கம் இருக்கற இன்னொரு ஆள் உங்களுக்குக் கெடைக்க எத்தனை நாள் ஆகும்? ரெண்டு மாசம் பேக்கிங்ல போடுங்க. மடிச்சுக் கவர்ல போடற வேலைக்கு இந்தப் பார்வை போதும். அப்பறம் நானே கூட்டிட்டு வந்து உங்க முன்னால நிக்க வெக்கறனுங்க. அப்ப நீங்களே சோதிச்சுப் பாருங்க. சரியில்லீன்னா உங்க இஷ்டம்."

ராஜேந்திரன் அக்காவைப் பார்த்தார். "பாத்ரூம் போனதெல்லாம் இதுனாலதானா?" என்று கேட்டார். அக்கா தலையசைத்தார். "வாயைத் திறந்து சொல்றதுக்கென்னங்க?" என்று எரிச்சலோடுதான் சொன்னார். ஆனால் பேக்கிங்குக்கு அனுப்பச் சம்மதித்தார்.

மருத்துவர் சொன்னபடியே முதல் மூன்று வாரம் இன்னும் மோசமாக இருந்தது. அக்காவுக்கு எதிரில் வருகிற ஆளின் முகம்கூடச் சில நாள் மங்கலாகத் தெரிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைக்கு வந்து, "அம்மிணி, ஏதாவது ஒண்ணு குடுங்களேன், இந்த ஒரு வாரத்துக்கு மட்டும்" என்று கேட்பார். டிராயர் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். நான் திறக்க மாட்டேன். "மாத்திரை போட்டீங்களா? சாயங்காலம் நடந்தீங்களா?" என்று கேட்டு அனுப்பிவிடுவேன். ஒரு சனிக்கிழமை கோபித்துக்கொண்டு சொல்லாமல் போய்விட்டார். 

அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் நடையில் தெம்பு இருந்தது. மகள் படித்துச் சொன்ன சர்க்கரைச் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். இரண்டாவது பரிசோதனையில் பாதியாகக் குறைந்திருந்தது. "மங்கறது நின்னு போச்சுங்க. காத்தாலயும் மத்தியானமும் ஒரே மாதிரி இருக்குது" என்றார்.

இரண்டு மாதம் முழுதாக முடிந்து, மருத்துவரும் சரி என்று சொன்ன பிறகுதான் சார் என்னிடம், "நீயே பாரு" என்றார். இந்தத் தடவை நான் கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். நிற்கவைத்து அளந்தேன். ஒவ்வொரு கண்ணாக மூடினேன். ஒன்றில் ஆரம்பித்தேன். தெரியுதா என்று கேட்கவில்லை; துணியை விரித்துவிட்டுச் சும்மா நின்றேன். ஒன்றேகாலில் அவருடைய விரல் நகர்ந்தது. அதிலேயே நிறுத்தினேன்.

மறுநாள் மூன்று பேரும் கம்பெனிக்குப் போனோம். ராஜேந்திரன் ஒரு கட்டு பனியனைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். அவரே முன்கூட்டி இரண்டு முறை பார்த்து, குறையுள்ள நான்கு பீஸைக் கலந்து வைத்திருந்தார். பக்கத்து மேசைப் பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.  அக்கா கண்ணாடியை மாட்டி, முதல் பீஸை விரித்தார். முன்பக்கம், பின்பக்கம், கழுத்துப் பட்டி, கை, அடி மடிப்பு. உதறி ஓரத்தில் வைத்தார். அடுத்தது.  ஓட்டை இருந்ததில் ஒரு ஸ்டிக்கர். எண்ணெய்க் கறை இருந்ததில் ஒன்று. கட்டு முடிந்தபோது தனியாக ஐந்து பீஸ் இருந்தன.

"நாலுதானுங்க" என்றார் ராஜேந்திரன். "அஞ்சாவது நல்ல பீஸ்." ஸ்டிக்கர் ஒட்டியிருந்த அந்த ஐந்தாவதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கையை நீட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நீட்டினார். "இதுல ஒண்ணுமே இல்லீங்களே."

"கைக்குக் கீழ, தையலை ஒட்டிப் பாருங்க சார். ஊசிக்கோடு ஓடுது."

"எங்கீங்க?"

மருதாயி அக்கா ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். "இதைப் போட்டுட்டுப் பாருங்க சார்."

பக்கத்து மேசையில் யாரோ வாய்க்குள் சிரித்தார்கள். ராஜேந்திரன் சுற்றுமுற்றும் பார்த்தார். வாங்கி மாட்டிக்கொண்டார். துணியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பனியனை விட்டுவிட்டு, மேசையில் கிடந்த ஸ்டிக்கர் அட்டையைப் பார்த்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"ஆமாங்க, இருக்குது" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நீங்க நாளைக்கே இந்த மேசைக்கு வந்துருங்க."

கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனமே வரவில்லை. சென்னியப்பன் சார் சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காருங்க சார், நீங்க எப்படி வேலை செய்வீங்கன்னு கையை வெச்சுக் காட்டுங்க" என்றேன். அவருக்குப் பின்னால், நான் கூப்பிடாமலேயே, செக்கிங் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள்.